ராணிப்பேட்டையிலிருந்து மோஜோ வரை: கடலில்லாத எத்தியோப்பியாவுக்குச் சரக்கு அனுப்புவோருக்கான வழிகாட்டி

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தொழிற்சாலைகளில், அதாவது ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய இடங்களில், ஏற்றுமதிப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் பழகுவது ஹாம்பர்க், ரோட்டர்டாம், ஹாங்காங் போன்ற துறைமுகங்களின் பெயர்களைத்தான். சரக்கு கப்பலிலிருந்து இறங்கிவிட்டால் மீதியை வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடுகிறது. எத்தியோப்பியாவிலிருந்து ஓர் ஆர்டர் வரும் நாளில் அந்த எண்ணத்தை முழுவதுமாகக் கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கே துறைமுகம் ஒரு நாட்டில் இருக்கிறது, வாங்குபவர் இன்னொரு நாட்டில் இருக்கிறார், இரண்டுக்கும் நடுவே சுமார் 900 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் நம் சரக்கு நிற்காமல் போகுமா என்பதை ராணிப்பேட்டையில் நாம் தயாரிக்கும் காகிதங்களே பெருமளவு தீர்மானிக்கின்றன.

தோல் பதனிடும் இயந்திரங்கள், அவற்றின் உதிரிப்பாகங்கள், ரசாயனங்கள், ஷூ சோல்கள் ஆகியவற்றை அனுப்புவோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எத்தியோப்பியா கால்நடை வளம் மிகுந்த நாடு; தோல் அங்கே பழைய தொழில். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அந்நாட்டுத் தோல் துறையினருக்குப் பயிற்சி அளித்திருக்கிறது. நாம் அனுப்பும் கன்டெய்னர்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் மோஜோ நகரமும் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர்தான். ஆகையால் இந்த வழியை நன்றாகக் கற்றுக்கொள்வது நம் பகுதிக்கு வீண்போகாத முதலீடு.

பாதையை முதலில் மனத்தில் பதியுங்கள்

எத்தியோப்பியாவில் 12 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். கடற்கரை இல்லாத நாடுகளில் மக்கள்தொகையில் அதுவே முதலிடம். 1993-இல் எரித்ரியா தனிநாடானபோது செங்கடல் கரை முழுவதும் எரித்ரியாவுக்குப் போய்விட்டது. அதன் பிறகும் சில ஆண்டுகள் அஸ்ஸாப் துறைமுகத்தை எத்தியோப்பியா பயன்படுத்தியது. 1998-இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. அன்றிலிருந்து அந்நாட்டின் கடல் வாணிபத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது ஜிபூட்டி என்ற சிறிய நாட்டின் வழியாகவே நடக்கிறது.

கடலில்லாத நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையைச் சர்வதேசச் சட்டமே தருகிறது. 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கையின் 125-வது பிரிவு, அண்டை நாட்டின் வழியாகச் சரக்கைக் கொண்டுசெல்லும் சுதந்திரத்தை அளிக்கிறது. 127-வது பிரிவு, அப்படிக் கடந்துசெல்லும் சரக்கின் மீது சுங்கவரி விதிக்கக் கூடாது என்கிறது. ஆனால், செய்து கொடுத்த குறிப்பிட்ட சேவைக்கான கட்டணத்தை வாங்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. துறைமுகக் கட்டணம், சாலைக் கட்டணம், காவல் கட்டணம் எல்லாம் அதன் கீழ் வருபவை. ஆகவே ஜிபூட்டியில் வரி இல்லை என்பதைச் செலவு இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ராணிப்பேட்டைக்கும் கடல் இல்லை. நம் லாரியும் தேசிய நெடுஞ்சாலை 48-இல் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் சென்னைத் துறைமுகத்தை அடைகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே ஒரு நாட்டெல்லை குறுக்கிடுவதாகவும், அதற்கு அப்பால் வேறு நாணயம், வேறு சுங்கத் துறை, வேறு ஆட்சிமொழி, வேறு வார விடுமுறை இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் இருக்கும் நம் வாடிக்கையாளரின் அன்றாட நிலைமை ஓரளவு விளங்கும்.

சாலை போகும் வழியைச் சொல்கிறேன்; இந்தப் பெயர்கள் பிறகு மின்னஞ்சல்களில் அடிக்கடி வரும். ஜிபூட்டியின் டோராலே முனையத்தில் கன்டெய்னர் இறங்குகிறது. அங்கிருந்து டிகில், யோபோக்கி வழியாகச் சென்று, கலாஃபி என்ற இடத்தில் லாரி எல்லையைக் கடக்கிறது. எத்தியோப்பியாவுக்குள் அஃபார் பாலைநிலத்தின் ஊடே செமேரா, மிலே, அவாஷ், அடாமா ஆகிய ஊர்களைத் தாண்டி மோஜோவுக்கு ஏறுகிறது. மிலேயில் சுங்கச் சோதனைச் சாவடி இருக்கிறது. சரக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் கலாஃபி அல்லது மிலே என்றுதான் பதில் வரும். மோஜோ என்பது அடிஸ் அபாபாவுக்கு முன்பாகவே, சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊர். நாட்டின் மிகப் பெரிய உலர் துறைமுகம், அதாவது கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் கன்டெய்னர்களை இறக்கிச் சுங்கம் முடிக்கும் நிலையம், அங்கேதான் இருக்கிறது.

சாலையைத் தவிர ஒரு ரயில் பாதையும் உண்டு. சீன நிறுவனங்கள் கட்டிய, சுமார் 750 கிலோமீட்டர் நீளமுள்ள மின்மயப் பாதையில் 2018 ஜனவரியில் வணிகப் போக்குவரத்து தொடங்கியது. அது டிரே தாவா வழியாகச் செல்வதால் சாலையிலிருந்து விலகி ஓடுகிறது, பெரும்பகுதி ஒற்றைத் தடம். ரயில் வந்த பிறகும் சரக்கில் பெரும்பங்கை லாரிகளே சுமக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

மல்டிமோடலா, யூனிமோடலா என்று கேட்டுத் தெளியுங்கள்

விலை பேசுவதற்கு முன்பே வாங்குபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. மல்டிமோடல் முறையில் ஒரே போக்குவரத்து நிறுவனம் கடல், தரை இரண்டுக்கும் பொறுப்பேற்று, ஒரே பி.எல். (சரக்கை ஏற்றுக்கொண்டதற்குப் போக்குவரத்து நிறுவனம் தரும் பத்திரம்) கொடுத்து, மோஜோ போன்ற உலர் துறைமுகம் வரை சரக்கைக் கொண்டுசேர்க்கிறது. சுங்கச் சோதனையும் வரி செலுத்துதலும் அங்கே நடக்கின்றன. நெடுங்காலம் அரசுக்குச் சொந்தமான எத்தியோப்பியக் கப்பல் நிறுவனம் மட்டுமே இந்தச் சேவையைச் செய்துவந்தது. யூனிமோடல் முறையில் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு ஜிபூட்டியோடு முடிகிறது. அதன் பிறகு வாங்குபவரின் முகவர் ஜிபூட்டிக்கு வந்து, டி1 எனப்படும் டிரான்சிட் (ஒரு நாட்டைக் கடந்துசெல்வதற்கான) பத்திரத்தைத் திறந்து, லாரி பிடித்து, எல்லை கடத்த வேண்டும்.

இரண்டில் எது என்பதை வாங்குபவரும் அவருடைய வங்கியும்தான் தீர்மானிப்பார்கள். நமக்கு அதில் தேர்வு குறைவு. ஆனால் எது என்று தெரியாமல் ஒரு காகிதமும் தயாரிக்க முடியாது. எத்தியோப்பியா தன் தேசியக் கப்பல் நிறுவனத்துக்கு முன்னுரிமை தரும் நாடு. வேறு நிறுவனத்தின் கப்பலில் ஏற்ற வேண்டுமானால் வாங்குபவர் முன்கூட்டியே விலக்குக் கடிதம் பெற வேண்டியிருக்கும். சென்னையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கப்பலில் நாமாக இடம் பிடித்துவிடுவது இந்த ஒரு காரணத்தாலேயே தவறு. யாருடைய கப்பலில் ஏற்றலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பதிவு செய்யுங்கள்.

விலை நிபந்தனையிலும் இதே கவனம் வேண்டும். சி.எஃப்.ஆர். ஜிபூட்டி என்றால் துறைமுகம் வரையிலான கூலி நம்முடையது, அதற்குப் பிந்தைய சாலைக் கூலி வாங்குபவருடையது. சி.பி.டி. மோஜோ என்றால் பாலைநிலத்தைக் கடக்கும் லாரிக் கூலியும் நம் விலைக்குள் அடங்கிவிடுகிறது. மலைமேல் இருக்கும் எத்தியோப்பியாவுக்கு ஏறும் சரக்கு அதிகம், இறங்கி வரும் ஏற்றுமதி குறைவு. பல லாரிகள் துறைமுகத்துக்கு வெறுமையாகவே இறங்குகின்றன. போக வர இரண்டுக்குமான செலவை ஏறும் சரக்கே தாங்குவதால் கூலி நாம் எதிர்பார்ப்பதைவிட உயரமாக இருக்கும். புதியவர்கள் எஃப்.ஓ.பி. சென்னை (கப்பலேற்றும் வரை மட்டும் நம் பொறுப்பு) அல்லது எஃப்.சி.ஏ. (வாங்குபவர் சொல்லும் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வரை மட்டும் நம் பொறுப்பு) என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எல்.சி.யை வரி வரியாகப் படியுங்கள்

எத்தியோப்பிய வர்த்தகத்தில் பணம் பெரும்பாலும் எல்.சி. (குறித்த ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் கடன் கடிதம்) வழியாகவோ, ஆவணங்களை வங்கியில் கொடுத்துப் பணம் பெறும் சி.ஏ.டி. முறையிலோ வருகிறது. இறக்குமதியாளர் முதலில் நம் ப்ரோஃபார்மா இன்வாய்ஸை (விற்பனைக்கு முன்பே தரும் விலைப்பட்டியலை) தம் வங்கியில் கொடுத்து, அந்நியச் செலாவணிக்கும் இறக்குமதி அனுமதிக்கும் விண்ணப்பிக்கிறார். டாலர் தட்டுப்பாட்டால் இந்த வரிசை பல ஆண்டுகள் மிக நீளமாக இருந்தது. 2024 ஜூலை 29 அன்று அந்நாட்டு மத்திய வங்கி நாணய மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டது. அதன் பிறகு முறை மாறியிருக்கிறது. இருந்தாலும், நம் வங்கிக்கு ஸ்விஃப்ட் என்ற வங்கிகளின் செய்தி வலை வழியாக எல்.சி. வந்து சேர்வதற்கு முன்பு உற்பத்தியைத் தொடங்க வேண்டாம். வாங்குபவர் அனுப்பும் விண்ணப்ப நகல் எல்.சி. ஆகாது. தொகை பெரியதென்றால், தானும் பணம் தருவதாக மூன்றாம் நாட்டு வங்கி ஒன்று தரும் உறுதிப்பாட்டையும் (கன்ஃபர்மேஷன்) சேர்த்துக் கேளுங்கள். அதற்கான கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

அனுமதிக்கு அடிப்படை அந்த ப்ரோஃபார்மாதான் என்பதால் அதை ஒரு சாதாரண விலைப்பட்டியலாக நினைத்து அவசரத்தில் அடித்துவிடக் கூடாது. பொருளின் பெயர், எச்.எஸ். எண் (சுங்கத்துக்கான பொருள் வகைப்பாட்டு எண்), எண்ணிக்கை, அலகு விலை, மொத்தம் ஆகியவை கடைசி இன்வாய்ஸ் வரை அப்படியே தொடர வேண்டும். எச்.எஸ். எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. அதற்குப் பிந்தைய இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தானே வைத்துக்கொள்கிறது. ஆகவே முதல் ஆறு இலக்கங்களில் வாங்குபவருடன் ஒத்துப்போய்விட்டு, நம் நாட்டுச் சுங்கத் துறையிடம் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லுக்கு நம் எட்டு இலக்க எண்ணைப் பயன்படுத்துங்கள்.

எல்.சி. கையில் வந்ததும், அதன் புலங்களில் (எண்ணிட்ட கட்டங்களில்) ஐந்தாறை விரல் வைத்துப் படியுங்கள். 44இ என்பது ஏற்றும் துறைமுகம். அங்கே சென்னை என்று மட்டும் இருந்து, கப்பல் காட்டுப்பள்ளியிலிருந்தோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்தோ புறப்படுமானால் வங்கி அதைக் குறையாகக் காட்டும். இந்தியாவின் எந்தத் துறைமுகமும் என்று எழுதித் தரச் சொல்வது பாதுகாப்பானது. 44எஃப் என்பது இறக்கும் துறைமுகம். அங்கே ஜிபூட்டி இருக்க வேண்டும். 44பி என்பது கடைசிச் சேரிடம். மல்டிமோடல் என்றால் அங்கே மோஜோ அல்லது வேறொரு உலர் துறைமுகத்தின் பெயர் இருக்கும். 44எஃப் புலத்தில் எத்தியோப்பியா என்று எழுதப்பட்ட எல்.சி.யைப் பார்த்தால், கடலில்லாத நாட்டைத் துறைமுகம் என்று குறித்திருக்கிறார்கள் என்று எடுத்துச்சொல்லி உடனே திருத்தம் கேளுங்கள். அப்படியே விட்டுவிட்டால் அந்த எல்.சி.க்குப் பொருந்தும் பி.எல். ஒன்றை உலகில் எந்தக் கப்பல் நிறுவனமும் கொடுக்க முடியாது.

46ஏ புலத்தில் கேட்கப்படும் ஆவணங்கள், 47ஏ புலத்தில் கூடுதல் நிபந்தனைகள், 48-இல் ஆவணங்களைக் கொடுக்க வேண்டிய கால அளவு ஆகியவை இருக்கும். கால அளவு சொல்லப்படாவிட்டால், எல்.சி.களுக்கான சர்வதேச விதிகளான யூ.சி.பி. 600-இன்படி சரக்கு ஏற்றிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 31டி புலத்தில் எல்.சி. காலாவதியாகும் நாளும் இடமும் இருக்கும். காலாவதி இடம் எத்தியோப்பியா என்றிருந்தால், கூரியர் போய்ச் சேரும் நாட்களும் நம் கணக்கில் கழிந்துவிடும். இந்தியாவாக மாற்றக் கேட்கலாம்.

தேதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எத்தியோப்பியர்களின் நாட்காட்டி நம் அலுவல் நாட்காட்டியைவிட ஏழு அல்லது எட்டு ஆண்டுகள் பின்தங்கி ஓடுகிறது. 30 நாட்கள் கொண்ட 12 மாதங்களும், 5 அல்லது 6 நாட்கள் மட்டுமே கொண்ட 13-ஆம் மாதமும் அதில் உண்டு. 2025 செப்டம்பர் 11 அன்று அவர்களுக்கு 2018-ஆம் ஆண்டு பிறந்தது. எல்.சி.யில் நம் தேதிதான் இருக்கும். ஆனால் வாங்குபவர் இணைத்து அனுப்பும் உள்நாட்டு அனுமதிக் கடிதங்களில் அவர்களுடைய தேதி இருக்கலாம். பழைய தேதி என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். நேரத்தையும் அவர்கள் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். காலை 8 மணியை அவர்கள் 2 மணி என்பார்கள். தொலைபேசிச் சந்திப்புக்கு நேரம் குறித்தால் எந்தக் கணக்கில் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கிங்: பாலையின் வெயிலும் மலையின் குளிரும்

இந்த வழியில் சரக்கு கெடுவதற்கு மோதலைவிட ஈரமே பெரிய காரணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி, கார்த்திகையில், ராணிப்பேட்டையின் ஈரக் காற்றோடு சேர்த்துக் கன்டெய்னரை மூடுகிறோம். அது கடலைக் கடந்து, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஜிபூட்டியின் முற்றத்தில் காத்திருக்கிறது. பிறகு கடல் மட்டத்திலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மோஜோவுக்கு ஏறுகிறது. அங்கே இரவுகள் குளிர்ச்சியானவை. பகலில் பெட்டிக்குள் ஆவியான ஈரம் இரவில் கூரையின் உட்புறத் தகட்டில் முத்து முத்தாகக் கோத்து நின்று, பிறகு கீழே அட்டைப் பெட்டிகளின் மீது சொட்டுகிறது. மேல்வரிசைப் பெட்டிகளின் மூடியில் மட்டும் வட்ட வட்டமாகக் கறை இருக்கிறது என்று வாடிக்கையாளர் படம் அனுப்பினால், கன்டெய்னரில் ஓட்டை தேடிப் பயனில்லை. சொட்டியது உள்ளேயே பிறந்த நீர்.

ஆகவே, பேலட் மரம் உலர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; பச்சை மரம் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே வைத்து மூடுவதற்குச் சமம். மரப் பேக்கிங்குக்கு, பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரையும் வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கச் சுவர்க் கொக்கிகளில் தொங்கவிடுங்கள். மேல்வரிசையின் மீது கிராஃப்ட் தாள் அல்லது அட்டையை விரித்துவிடுங்கள். இயந்திரத்தின் உருளைகளுக்கும் கத்திகளுக்கும் துரு தடுக்கும் எண்ணெய் பூசி, பாலித்தீன் உறையைக் காற்று புகாதபடி ஒட்டுங்கள். இறுதித் தயாரிப்பான தோலை அனுப்புவோர், பேக்கிங் செய்வதற்கு முன்பு அது நன்றாக ஆறிவிட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

ரசாயனம் அனுப்புவோர் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தகவல் தாளைப் பார்த்து, அது ஆபத்தான சரக்கு வகையில் வருகிறதா என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். நாம் நாள்தோறும் கையாளும் ஃபார்மிக் அமிலம் 8-ஆம் வகுப்பு அரிப்புப் பொருள்; அதற்கு ஐ.நா. தரக் குறியுள்ள கேன்களும், தனி உறுதிமொழியும், கப்பல் நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும். சாதாரணச் சரக்கோடு கலந்து ஏற்றிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். அந்தக் கேன்களோடு வெயிலில் மலையேறுபவர் ஒரு மனிதர்.

பெட்டிகளின் மீது எழுதும் ஷிப்பிங் மார்க்கில் வாங்குபவரின் பெயர், எல்.சி. அல்லது ஆர்டர் எண், பெட்டி எண், சேரிடமான மோஜோ, வழியில் ஜிபூட்டி என அனைத்தும் இருக்கட்டும். சில வேளைகளில் கன்டெய்னரை ஜிபூட்டியிலேயே திறந்து, சரக்கைத் திறந்த லாரிக்கு மாற்றிப் படுதா போட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். அப்போது உங்கள் பெட்டிக்குத் துணை அதன் மேல் இருக்கும் எழுத்து மட்டுமே.

ஸ்டஃபிங் (கன்டெய்னரில் சரக்கேற்றல்), சீல், சென்னை

காலிக் கன்டெய்னர் மணலி, திருவொற்றியூர் பக்கத்து யார்டுகளிலிருந்து வரும்போது, உள்ளே ஒருவரை நிற்க வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். டிரான்சிட் சரக்கில் சீல்தான் எல்லாம். ஜிபூட்டியின் சுங்கத் துறையும் கலாஃபி சாவடியும் உள்ளே இருப்பதை எடுத்துப் பார்ப்பதைவிட, கதவில் தொங்கும் சீல் எண் காகிதத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதையே பார்க்கின்றன. 2017 முதல் தொழிற்சாலையிலேயே சுயமாகச் சீல் வைக்கும் நிறுவனங்களுக்கு ரேடியோ அலை மூலம் படிக்கக்கூடிய ஆர்.எஃப்.ஐ.டி. மின்சீல் முறை வந்திருக்கிறது. அதோடு கப்பல் நிறுவனத்தின் போல்ட் சீலும் இருக்கும். இரண்டு எண்களையும், கதவு மூடிய நிலையில், கன்டெய்னர் எண்ணும் சேர்ந்து தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை இன்வாய்ஸிலோ பி.எல். ட்ராஃப்டிலோ (வரைவிலோ) எழுதும்போது படத்தைப் பார்த்து எழுத வேண்டும், ஓட்டுநர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு எழுதக் கூடாது. 0 என்ற எண்ணும் ஓ என்ற எழுத்தும் இடம் மாறியதற்காக எல்லையில் ஒரு லாரி நிற்கும்.

எடையிலும் இதே கண்டிப்பு தேவை. 2016 ஜூலை 1 முதல் வி.ஜி.எம். எனப்படும் சரிபார்த்த மொத்த எடைக் கணக்கு இல்லாமல் எந்தக் கன்டெய்னரும் கப்பலில் ஏறாது. கடலுக்கு ஏற்ற எடை சாலைக்கும் ஏற்றது என்று பொருளில்லை. எத்தியோப்பியச் சாலையில் அச்சு எடையைச் சோதிக்கும் எடைமேடைகள் இருக்கின்றன. கனமான இயந்திரத்தைக் கன்டெய்னரின் ஒரு மூலையில் வைத்து ஏற்றினால் மொத்த எடை சரியாக இருந்தும் ஓர் அச்சு வரம்பைத் தாண்டிவிடும். 40 அடிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, அதை ஏற்றும் லாரி கிடைக்குமா என்று வாங்குபவரின் முகவரிடம் கேளுங்கள்.

ஷிப்பிங் பில்லில் இறக்கும் துறைமுகம் ஜிபூட்டி, கடைசிச் சேர்நாடு எத்தியோப்பியா என்று இரண்டும் தனித்தனியே பதிவாக வேண்டும். கிளியரிங் ஏஜென்ட் அவசரத்தில் இரண்டிலும் ஜிபூட்டி என்று போட்டுவிடாமல், சரிபார்ப்புப் பட்டியல் வரும்போதே பாருங்கள். ஏற்றுமதியாளர் எண்ணான ஐ.இ.சி., நம் வங்கியின் குறியீடான ஏ.டி. கோட், ஜி.எஸ்.டி.க்கான உறுதிமொழிப் பத்திரமான எல்.யூ.டி. ஆகியவை எல்லா ஏற்றுமதிக்கும் பொதுவானவை என்பதால் இங்கே விரிக்கவில்லை.

பி.எல். ட்ராஃப்ட்: ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

சரக்கு கப்பலேறியதும் ட்ராஃப்ட் மின்னஞ்சலில் வரும். அதே நாள் மாலைக்குள் ஒப்புதல் கேட்பார்கள். வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளி வைத்துவிட்டு எல்.சி.யையும் ட்ராஃப்டையும் அருகருகே அச்சடித்து வைத்துப் படியுங்கள். கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) கட்டத்தில் பெரும்பாலும் வங்கியின் ஆணைப்படி என்று இருக்கும். நோட்டிஃபை (சரக்கு வந்ததும் தகவல் பெறுபவர்) கட்டத்தில் வாங்குபவரின் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டும். இறக்கும் துறைமுகம் ஜிபூட்டி, ஒப்படைக்கும் இடம் மோஜோ என்ற இரு கட்டங்களும் 44எஃப், 44பி புலங்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சரக்கு விவரத்தின் கீழே 'கார்கோ இன் டிரான்சிட் டு எத்தியோப்பியா' என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரிதான் இந்தச் சரக்கு ஜிபூட்டியின் உள்நாட்டு இறக்குமதி அன்று என்பதைச் சொல்கிறது. கப்பல் புறப்பட்டு, அதன் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்ட் பதிவான பிறகு அதைச் சேர்க்கக் கட்டணமும் கடிதப் போக்குவரத்தும் காலமும் பிடிக்கும்.

கப்பல் வழியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜிபூட்டி, பாப் எல் மந்தப் நீரிணைக்குத் தெற்கே, ஏடன் வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது. கொழும்பிலோ சலாலாவிலோ கப்பல் மாறிப் போகும் சரக்கு அந்த நீரிணைக்குள் நுழைய வேண்டியதில்லை. ஜெத்தாவில் மாறும் சரக்கு நுழைந்து திரும்ப வேண்டும். 2023 நவம்பர் முதல் செங்கடலில் நடந்த தாக்குதல்களால் கப்பல் நிறுவனங்கள் வழிகளை மாற்றி மாற்றி அமைத்து வந்திருக்கின்றன. ஆகவே எந்த இடத்தில் கப்பல் மாறுகிறது என்பது முன்பதிவின்போதே கேட்க வேண்டிய கேள்வி.

முன்பதிவின்போது கேட்க வேண்டிய இன்னொன்று, சேரிடத்தில் எத்தனை நாள் இலவசம் என்பது. துறைமுக முற்றத்தில் கன்டெய்னர் கிடக்கும் நாட்களுக்கு ஒரு கட்டணம், காலிப் பெட்டியைத் திருப்பித் தரும் வரை இன்னொரு கட்டணம் என இரண்டு மீட்டர்கள் ஓடுகின்றன. ஜிபூட்டி வழியில் இரண்டாவது மீட்டர்தான் கொடியது. மோஜோ வரை ஏறி, சுங்கம் முடிந்து, வாங்குபவரின் கிடங்கில் இறக்கி, காலிப் பெட்டி மறுபடி கடற்கரைக்கு இறங்கி வந்து ஒப்படைக்கப்படும் வரை அது நிற்காது. சாதாரணத் துறைமுகத்துக்கான இலவச நாட்களை இந்த வழிக்கு ஏற்றுக்கொள்ளக் கூடாது. கூடுதல் நாட்களை எழுத்தில் வாங்கி, அந்தக் கடிதத்தின் நகலை வாங்குபவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஜிபூட்டிக்கு அப்பால்

ஆவணங்கள் வங்கி வழியாகப் போகும் அன்றே, முழுத் தொகுப்பின் ஸ்கேன் நகலை வாங்குபவருக்கு அனுப்புங்கள். முகவர் முன்கூட்டியே டிரான்சிட் வேலையைத் தொடங்க அது உதவும். ஜிபூட்டியில் பிரெஞ்சும் அரபியும் ஆட்சிமொழிகள். எத்தியோப்பியக் கூட்டரசின் அலுவல்மொழி அம்ஹாரிக். நம் காகிதம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வாக்கியங்கள் குறுகியதாகவும், பொருளின் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாகவும் இருந்தால் மொழி மாறும்போது குழப்பம் குறையும்.

வாரக் கணக்கையும் நினைவில் வையுங்கள். ஜிபூட்டியில் வெள்ளி விடுமுறை, ஞாயிறு வேலைநாள். எத்தியோப்பியாவில் ஞாயிறு விடுமுறை. மூன்று நாடுகளின் அலுவலகங்களும் ஒருசேரத் திறந்திருக்கும் என்று நம்பி இருக்கக்கூடியது திங்கள் முதல் வியாழன் வரைதான். அவசரத் திருத்தம் எதுவானாலும் வியாழன் நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். இரு நாடுகளும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னே இருக்கின்றன என்பதால் நம் பிற்பகலே அவர்களுடைய காலை. ஜனவரி 7 எத்தியோப்பியர்களின் கிறிஸ்துமஸ், ஜனவரி 19-ஐ ஒட்டித் திம்கெத் திருவிழா, செப்டம்பர் மாதத்தில் புத்தாண்டும் மெஸ்கெல் திருவிழாவும். அந்த வாரங்களில் மோஜோவில் சரக்கு இறங்கும்படி திட்டமிட வேண்டாம்.

லாரி கிடைக்காமல் ஜிபூட்டியில் சரக்கு தேங்கும் காலமும் உண்டு. உழவுப் பருவத்துக்கு முன்பு அரசு இறக்குமதி செய்யும் உரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போது லாரிகள் முதலில் அதற்கே திருப்பிவிடப்படுகின்றன. விதைப்பு தவறினால் ஒரு நாட்டின் சாப்பாடு தவறும் என்பதால் அந்த முன்னுரிமையில் நியாயம் இருக்கிறது. நாம் செய்யக்கூடியது, அந்த மாதங்களுக்கான விநியோகத் தேதியில் கூடுதல் வாரங்களை ஒதுக்கி ஒப்புக்கொள்வது மட்டுமே.

மற்ற கடலில்லாத நாடுகளுக்கும் அடிப்படை முறை இதுவேதான். உகாண்டாவுக்கு மொம்பாசாவில் இறங்கி மலாபா அல்லது புசியா எல்லை வழியாகச் சரக்கு போகிறது. பொலிவியாவுக்குச் சிலியின் அரிக்கா துறைமுகம். 1904-ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்த வழியைத் தருகிறது. நேபாளத்துக்கு நாம் கப்பலே ஏற்றாமல் ரக்சௌல் வரை நம் சாலையிலேயே அனுப்பலாம். ஒவ்வொன்றிலும் துறைமுகம், எல்லைச் சாவடி, உலர் துறைமுகம் ஆகிய மூன்றின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, மூன்றும் எந்தக் காகிதத்தில் எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்று தொடங்குங்கள்.

வங்கியிலிருந்து பணம் வந்தவுடன் கோப்பை மூடிவிட வேண்டாம். மோஜோவில் சரக்கு ஒப்படைக்கப்பட்ட தேதியையும், காலிக் கன்டெய்னர் திரும்ப ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீதின் நகலையும் வாங்குபவரிடம் கேட்டு வாங்கிக் கோப்பில் சேருங்கள். பல மாதங்கள் கழித்துக் கப்பல் நிறுவனம் தாமதக் கட்டணம் கேட்டு ஷிப்பர் (சரக்கை அனுப்பியவர்) என்ற முறையில் நமக்குக் கடிதம் எழுதினால், பதிலாக அனுப்ப வேண்டியது அந்த ரசீதுதான்.